இன்குபேட்டரில் துள்ளும் வெப்பநிலை: மின் இரைச்சல் எந்த வழியாக வருகிறது?

கோழி முட்டைக்கான ஒரு சிறிய இன்குபேட்டரைச் சொந்தமாகச் செய்திருக்கிறீர்கள். எல்எம்35 வெப்ப உணரி, மூன்று மீட்டர் வயர், அர்டுயினோ யூனோ என்னும் சிறு கட்டுப்பாட்டுப் பலகை, இரண்டு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) உள்ள ஒரு பலகை, 16×2 எல்சிடி, உள்ளே காற்றைச் சுழற்ற 5 வோல்ட் விசிறி ஆகியவை அதில் உள்ளன. சூட்டுக்கு இரண்டு 60 வாட் குண்டு பல்புகளும், ஈரம் மிகும்போது காற்றை வெளியேற்ற ஒரு 230 வோல்ட் எக்ஸாஸ்ட் ஃபேனும் இருக்கின்றன. 5 வோல்ட் முழுவதையும் ஒரு செல்பேசி சார்ஜர்தான் யுஎஸ்பி வழியாகத் தருகிறது. நீங்கள் சொல்லும் தொல்லைகள் மூன்று. ஒன்று, எதுவும் இயங்காதபோதே அளவு ஒரு டிகிரி வரை ஆடுகிறது. இரண்டு, பல்பின் ரிலே பிடித்ததும் அளவு ஒன்றரை டிகிரி ஏறி, அதனாலேயே ரிலே விட்டு, மறுபடி பிடித்து, டக்டக்கென்று அடித்துக்கொண்டே இருக்கிறது. மூன்று, எக்ஸாஸ்ட் ஃபேன் நிற்கும் கணத்தில் எல்சிடி முழுக்கப் புரியாத எழுத்துகள் வருகின்றன. எல்எம்35இன் வெளியீட்டில் 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றைப் போட்டபின் ஆட்டம் கூடிவிட்டது என்கிறீர்கள். இன்னும் பெரிய மின்தேக்கி போடலாமா, மின்தடைகளை இரைச்சல் குறைந்த மெட்டல் ஃபிலிம் வகைக்கு மாற்றலாமா என்பது உங்கள் கேள்வி.

இரண்டும் வேண்டாம். உங்கள் சுற்றில் இருப்பது ஒரே ஓர் இரைச்சல் (அளவைக் கலைக்கும் வேண்டாத மின் ஆட்டம்) அன்று. வேறு வேறு இடத்தில் பிறந்து, வேறு வேறு வழியில் வந்து, ஒரே எண்ணில் தெரிகிற மூன்று நான்கு இரைச்சல்கள் அவை. ஒவ்வொன்றும் எந்தக் கம்பியின் வழியாக வருகிறது என்று தெரியாமல் பாகங்களைச் சேர்த்துக்கொண்டே போனால், ஒன்றைக் குறைக்கும் மின்தேக்கி இன்னொன்றைக் கிளப்பிவிடும். உங்களுக்கு நடந்ததும் அதுதான்.

மெட்டல் ஃபிலிம் யோசனையை முதலில் முடித்துவிடலாம். மின்தடைக்குள் எலக்ட்ரான்கள் வெப்பத்தால் அலைவதால் எழும் இரைச்சல் உண்மையானது. பெல் ஆய்வகத்தில் ஜான்சன் அதை அளந்தார், நைக்விஸ்ட் அதற்குக் கணக்குச் சொன்னார். இருவரின் கட்டுரைகளும் 1928இல் வெளியாயின. ஆனால் அறை வெப்பத்தில் 2 கிலோஓம் மின்தடை ஒன்று 10 கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்குள் எழுப்பும் இரைச்சல் ஏறத்தாழ 0.6 மைக்ரோவோல்ட்தான். எல்எம்35 ஒரு டிகிரிக்கு 10 மில்லிவோல்ட் தருகிறது. ஆக, அந்த இரைச்சல் ஒரு டிகிரியில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஒலிவாங்கிப் பெருக்கியோ வானொலி ஏற்பியோ செய்கிறவர்கள் கவலைப்பட வேண்டிய விஷயம் அது. உங்கள் காசு உங்களிடமே இருக்கட்டும்.

வழியைக் கண்டுபிடிக்க ஆசிலோஸ்கோப் இல்லை என்கிறீர்கள். ஒரு பென்டார்ச் செல்லும் இரண்டு மின்தடைகளும் போதும். 1.5 வோல்ட் செல்லின் குறுக்கே 10 கிலோஓமையும் 3.3 கிலோஓமையும் தொடராக இணைத்தால், 3.3 கிலோஓமின் மேல் சுமார் 0.37 வோல்ட் நிற்கும். உங்கள் நிரலுக்கு அது 37 டிகிரி காட்டும் ஓர் உணரிபோலத் தெரியும். செல் என்பதால் அதிலிருந்து எந்த ஆட்டமும் வராது. எல்எம்35ஐக் கழற்றிவிட்டு, இந்தப் போலி உணரியை யூனோவின் ஏ0 பின்னிலும் அதன் பக்கத்து கிரவுண்ட் பின்னிலும் நேரடியாகச் செருகுங்கள். 230 வோல்ட் பக்கத்தை முழுக்கத் துண்டித்துவிட்டு, ரிலேயை மட்டும் பிடித்து விடச் செய்யுங்கள். இப்போதும் எண் துள்ளினால் குற்றம் 5 வோல்ட்டில் இருக்கிறது. துள்ளாவிட்டால், அதே போலி உணரியை மூன்று மீட்டர் வயரின் மறுமுனைக்கு, எல்எம்35 இருந்த இடத்துக்குக் கொண்டுபோய் மாட்டுங்கள். அங்கே துள்ளினால் குற்றம் வயரிலோ கிரவுண்டிலோ இருக்கிறது. அங்கேயும் அமைதியாக இருந்து, எல்எம்35ஐத் திரும்ப மாட்டியதும் ஆடத் தொடங்கினால் குற்றம் எல்எம்35 வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது. கடைசியாக 230 வோல்ட்டை இணைத்து, பல்போ ஃபேனோ ஓடும்போது மட்டும் வருவது எது என்று பாருங்கள். அரை மணி நேர வேலை இது. ஆயினும் பத்துப் பாகங்களை மாற்றிப் பார்ப்பதைவிட நிச்சயமாக விடை சொல்லும்.

நீங்கள் அனுப்பியிருக்கும் படத்தைப் பார்த்தால், சோதனை என்ன சொல்லும் என்பதை இப்போதே ஊகிக்க முடிகிறது. யூனோவின் கிரவுண்ட் பின்னிலிருந்து பிரெட்போர்டுக்கு (பற்றவைக்காமல் வயர்களைச் செருகி இணைக்கும் பலகை) ஒரே ஒரு கறுப்பு ஜம்பர் வயர் போகிறது. எல்எம்35, விசிறி, ரிலே பலகை மூன்றும் அந்தப் பிரெட்போர்டின் ஒரே கிரவுண்ட் வரிசையில் செருகப்பட்டிருக்கின்றன. வரைபடத்தில் கிரவுண்ட் என்று எல்லா இடத்திலும் ஒரே குறியைப் போடுவதால், அது எங்கும் பூஜ்ஜியம் வோல்ட் என்று நம்பிவிடுகிறோம். உண்மையில் கிரவுண்ட் என்பது மின்னோட்டம் சார்ஜருக்குத் திரும்பிப் போகும் சாலை. சாலைக்கு மின்தடை உண்டு. அந்த மெல்லிய ஜம்பர் வயரையும் அதன் இரு முனைத் தொடர்புகளையும் சேர்த்து 0.1 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய பிரெட்போர்டில் அதற்கு மேலும் இருக்கும். ரிலேயின் சுருள் 5 வோல்ட்டில் சுமார் 70 மில்லிஆம்பியர் இழுக்கும். 0.1 ஓமில் 70 மில்லிஆம்பியர் ஓடினால் 7 மில்லிவோல்ட். உங்கள் உணரியின் கிரவுண்ட் அந்த 7 மில்லிவோல்ட் மேலேறி நிற்கிறது. யூனோவோ தன்னுடைய கிரவுண்டிலிருந்து அளக்கிறது. விளைவு, பெட்டிக்குள் எதுவும் சூடாகாமலே 0.7 டிகிரி கூடுதலாகத் தெரிகிறது.

விசிறியும் அதே சாலையில்தான் வருகிறது. பிரஷ் இல்லாத அந்தச் சிறிய விசிறிகள் மின்னோட்டத்தைச் சீராக இழுப்பதில்லை, துடிப்புத் துடிப்பாக இழுக்கின்றன. எதுவும் இயங்காதபோதும் எண் ஆடுகிறது என்று நீங்கள் சொல்வதில் ஒரு பங்கு அந்தத் துடிப்பு. விசிறியை எப்போதும் ஓடவிட்டிருப்பதால் அதை "எதுவும் இயங்காத" நிலையாகக் கணக்கில் எடுத்துக்கொண்டீர்கள். அதன் வயரை ஒரு நிமிடம் பிடுங்கிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

இதற்கு மருந்து மின்தேக்கி அன்று, வயரிங். எல்எம்35இன் கிரவுண்ட் யூனோவின் ஒரு கிரவுண்ட் பின்னுக்குத் தனியாகப் போகட்டும். அந்த வயரில் வேறு எதையும் தொட்டு இணைக்காதீர்கள். எல்எம்35 தனக்கென இழுப்பது 60 மைக்ரோஆம்பியர் அளவுதான் என்பதால், தனி வயரில் விழும் வோல்ட் ஒரு பொருட்டே இல்லை. விசிறிக்கும் ரிலே பலகைக்கும் ப்ளஸ், மைனஸ் இரண்டையும் யூனோ வழியாக எடுக்காமல், 5 வோல்ட் நுழையும் இடத்திலிருந்தே நேராக, தடித்த வயரில் எடுங்கள். யூனோவும் அதே இடத்திலிருந்து தன் பங்கை எடுத்துக்கொள்ளட்டும். எல்லாக் கிரவுண்டுகளும் சந்திக்கும் இடம் அந்த ஒன்றாகவே இருக்க வேண்டும். மாற்றி முடித்ததும் மல்டிமீட்டரை 200 மில்லிவோல்ட் டிசியில் வைத்து, ஒரு முனையை யூனோவின் கிரவுண்ட் பின்னிலும் மறுமுனையை எல்எம்35இன் கிரவுண்ட் காலிலும் பிடியுங்கள். ரிலே பிடித்தாலும் விட்டாலும் ஒரு மில்லிவோல்ட்டுக்குள் நிற்க வேண்டும். இதே அளவை மாற்றுவதற்கு முன்பும் ஒருமுறை எடுத்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கையில் கிடைக்கும் தெளிவு என் விளக்கத்தில் கிடைக்காது.

மீதி 0.8 டிகிரி எங்கிருந்து வந்தது? யூனோவின் ஏடிசி, அதாவது வோல்ட்டை எண்ணாக மாற்றும் பகுதி, ஒரு வோல்ட்டைத் தனியாக அளப்பதில்லை; ஒரு மேற்கோள் வோல்ட்டோடு ஒப்பிட்டு விகிதம் சொல்கிறது. நிரலில் எதுவும் சொல்லாவிட்டால் அந்த மேற்கோள், சார்ஜரிலிருந்து வரும் 5 வோல்ட்டேதான். மெல்லிய யுஎஸ்பி கேபிள், யூனோவில் உள்ள தானே மீளும் ஃபியூஸ், சார்ஜரின் தளர்ச்சி எல்லாம் சேர்ந்து, ரிலே பிடிக்கும்போது அந்த 5 வோல்ட் 4.9க்கு இறங்கினாலே போதும். எல்எம்35 தரும் 375 மில்லிவோல்ட் மாறவில்லை. ஆனால் அளவுகோல் சுருங்கிவிட்டதால் நிரல் அதை 382 அல்லது 383 மில்லிவோல்ட் என்று வாசிக்கும். 37.5 டிகிரி 38.3 ஆகிவிடும். இந்த 0.8ஐயும் கிரவுண்டில் வந்த 0.7ஐயும் கூட்டினால் நீங்கள் சொன்ன ஒன்றரை டிகிரி.

ரிலே அடித்துக்கொள்வதன் காரணமும் இங்கேயே இருக்கிறது. உண்மையான வெப்பம் 36ஐத் தொட்டதும், பல்பு எரியும் நிலையில் திரை 37.5 என்று காட்டும். நிரல் பல்பை அணைக்கும். அணைத்த கணமே ஒன்றரை டிகிரி மறைந்து எண் 36க்கு விழும். நிரல் மறுபடி பல்பைப் போடும். இதற்கு எல்லோரும் சொல்லும் வழக்கமான ஆலோசனை, போடும் அளவுக்கும் அணைக்கும் அளவுக்கும் இடையே நிரலில் இரண்டு டிகிரி இடைவெளி விடுங்கள் என்பது. டக்டக் சத்தம் நின்றுவிடும். அதனால் கோளாறு தீர்ந்ததாகத் தோன்றும். ஆனால் பல்பு ஒவ்வொரு முறையும் 36லேயே அணையும். நின்று காட்டும் எண் பொய்யாகவே இருக்கும். காற்றைச் சுழலவிடும் இன்குபேட்டரில் கோழி முட்டைக்கு வேண்டியது 37.5; ஒன்றரை டிகிரி குறைவாக நாள்கணக்கில் இருந்தால் 21 நாள் கணக்கு தள்ளிப்போகும், பொரிப்பும் குறையும். நோயை விட்டுவிட்டு இருமலை அடக்குகிற இந்த வைத்தியத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மேற்கோளைச் சரிசெய்வது எளிது. யூனோவின் சிப்புக்குள்ளேயே 1.1 வோல்ட் மேற்கோள் ஒன்று இருக்கிறது. நிரலில் ஒரே வரியில் அதற்கு மாறலாம். சார்ஜர் இறங்கினாலும் ஏறினாலும் அது அசையாது. கூடவே ஒரு லாபமும் உண்டு. 5 வோல்ட் மேற்கோளில் 10 பிட் ஏடிசியின் ஒரு படி 4.9 மில்லிவோல்ட், அதாவது ஏறக்குறைய அரை டிகிரி. உங்கள் ஆட்டத்தில் ஒரு பகுதி இரைச்சலே இல்லை, இரண்டு படிகளுக்கு நடுவே எண் தத்தளிப்பதுதான். 1.1 வோல்ட்டில் ஒரு படி சுமார் 0.1 டிகிரி ஆகிவிடும். ஆனால் அந்த 1.1 என்பது சிப்புக்குச் சிப்பு 1.0 முதல் 1.2 வரை மாறக்கூடியது என்பதால், ஒருமுறை அளந்து நிரலில் திருத்தம் போட வேண்டும். இன்குபேட்டருக்கு வேண்டிய வெப்பம் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரின் வரம்புக்குள்ளேயே விழுவது நம் அதிர்ஷ்டம். நீர் புகாதபடி உறையிட்ட எல்எம்35ஐயும் தெர்மாமீட்டரையும் வெதுவெதுப்பான நீரில் சேர்த்து நிறுத்தி, இரண்டையும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். மேற்கோளை மாற்றிய உடனே வரும் முதல் சில அளவுகளை நிரலில் தள்ளிவிடுங்கள். யூனோவின் மேற்கோள் பின்னில் வெளியிலிருந்து எந்த வோல்ட்டையும் கொடுக்காதீர்கள்.

இனி அந்த 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி. எல்எம்35இன் வெளியீட்டில் நேரடியாகத் தொங்கும் மின்தேக்கம் 50 பிக்கோஃபாரட் வரைதான் இருக்கலாம் என்று அதன் தரவுத்தாளிலேயே இருக்கிறது. அதற்குள் ஒரு சிறு பெருக்கி இருக்கிறது. வெளியீட்டில் மின்தேக்கம் மிகுந்தால் அது நிலைதடுமாறி அலைவு எழுப்பத் தொடங்கும். வயருக்கும் மின்தேக்கம் உண்டு. மீட்டருக்கு 50 முதல் 100 பிக்கோஃபாரட் என்றால் மூன்று மீட்டரிலேயே வரம்பு தாண்டிவிடுகிறது. அதன்மேல் நீங்கள் 100 நானோஃபாரட்டைக் கட்டித் தொங்கவிட்டீர்கள், அதாவது வரம்பைப்போல் இரண்டாயிரம் மடங்கு. இரைச்சலை வடிகட்ட வைத்த பாகம் உணரியையே இரைச்சல் எழுப்பியாக மாற்றிவிட்டது.

அதே மின்தேக்கியை வேலை செய்ய வைக்க ஒரு மின்தடை போதும். எல்எம்35இன் வெளியீட்டுக் காலை ஒட்டி, வயர் தொடங்குவதற்கு முன்பே, 2 கிலோஓம் ஒன்றைத் தொடராக வையுங்கள். அதன்பின் வயரின் மின்தேக்கம் உணரியைத் தொந்தரவு செய்யாது. மறுமுனையில், யூனோவின் ஏ0 பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 10 மைக்ரோஃபாரட் போட்டால், இரண்டும் சேர்ந்து 8 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ளதைக் குறைக்கும் வடிகட்டி ஆகிவிடும். 50 ஹெர்ட்ஸ் ஆறில் ஒரு பங்காகக் குறையும். முட்டைப் பெட்டியின் வெப்பம் விநாடிக்குள் மாறப்போவதில்லை என்பதால் இந்தத் தாமதம் உங்களைப் பாதிக்காது. உணரியின் பக்கத்தில் 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையே ஒரு 0.1 மைக்ரோஃபாரட் வைத்துக்கொள்ளலாம். அந்த இடத்தில் அது நல்ல பிள்ளை.

மூன்று மீட்டர் வயரை எதனால் போடுவது என்றால், என் தேர்வு லேன் கேபிள்தான். எந்த ஊரிலும் கிடைக்கும், மலிவு, உள்ளே ஜோடிகள் முறுக்கியே வருகின்றன. ஒரு ஜோடியில் வெளியீடும் கிரவுண்டும், இன்னொரு ஜோடியில் 5 வோல்ட்டும் கிரவுண்டும் போகட்டும். பக்கத்தில் ஓடும் 230 வோல்ட் வயரின் காந்தப் புலம், முறுக்கிய ஜோடியின் ஒரு சுற்றில் தூண்டுவதை அடுத்த சுற்றில் எதிர்த்திசையில் தூண்டித் தானே அழித்துக்கொள்ளும். மேலே சுற்றிய ஷீல்டு மின்புலத்தைத் தடுக்கும். 50 ஹெர்ட்ஸ் காந்தப் புலத்துக்கு அது பெரிய தடை இல்லை. இந்த வேறுபாடு தெரியாமல் ஷீல்டு கேபிளுக்குச் செலவழித்து ஏமாந்தவர்கள் நிறைய. ஷீல்டு போட்டால் அதை யூனோ பக்கத்தில் மட்டும் கிரவுண்டோடு இணைத்து, உணரிப் பக்கத்தில் வெட்டி டேப் சுற்றிவிடுங்கள். ஒரு சாயப்பட்டறையில், மோட்டார் வேகம் மாற்றும் டிரைவ் ஓடும்போதெல்லாம் வெப்ப அளவு துள்ளுகிறது என்று என்னைக் கூப்பிட்டார்கள். கேபிளின் ஷீல்டை இரு முனையிலும் எர்த் செய்திருந்தார்கள். இரண்டு எர்த்துகளுக்கும் இடையிலிருந்த வோல்ட் வேறுபாடு ஷீல்டிலேயே மின்னோட்டத்தை ஓட்டிக்கொண்டிருந்தது. ஒரு முனையைக் கழற்றியதும் எண் நின்றது. அதற்காக நான் பெட்டியிலிருந்து எடுத்த கருவி ஒரு ஸ்குரூ டிரைவர்தான். எந்த ஷீல்டாக இருந்தாலும், பல்புக்குப் போகும் 230 வோல்ட் வயரோடு உணரி வயரைச் சேர்த்துக் கட்டாதீர்கள். குறுக்கிட்டே ஆக வேண்டுமென்றால் நேர் செங்குத்தாகக் கடக்கட்டும்.

எல்சிடியில் வரும் புரியாத எழுத்துகள் முற்றிலும் வேறு கதை. எக்ஸாஸ்ட் ஃபேனின் மோட்டார் ஒரு சுருள். சுருளில் ஓடும் மின்னோட்டத்தை ரிலே முனைகள் திடீரென்று அறுக்கும்போது, அது நிற்க மறுத்து முனைகளுக்கு இடையே பொறியாகத் தாவும். அந்தப் பொறி சில மெகாஹெர்ட்ஸ்களைத் தாண்டிப் பரவும் ஓர் ஒலிபரப்பு நிலையம். பக்கத்திலுள்ள எல்சிடி வயர்கள் அதற்கு ஆன்டெனா. எல்சிடி அதில் ஒரு துடிப்பைக் கட்டளையாக எடுத்துக்கொண்டால் அதன்பின் வருவதெல்லாம் தப்பாகப் பதியும். ரிலே பலகையில் ஏற்கெனவே இருக்கும் டயோடு ரிலேயின் சொந்தச் சுருளுக்கானது. முனைகளில் எழும் பொறியை அது தொடக்கூட முடியாது. முனைகளுக்குக் குறுக்கே 100 ஓமையும் 0.1 மைக்ரோஃபாரட்டையும் தொடராக வைப்பது வழக்கம். இதற்கு ஸ்னப்பர் என்று பெயர். மின்தேக்கி கட்டாயம் எக்ஸ்2 வகையாக, 275 வோல்ட் ஏசி என்று எழுதியிருப்பதாக இருக்க வேண்டும். சாதாரண 400 வோல்ட் டிசி மின்தேக்கியை 230 வோல்ட் இணைப்பில் போட்டால் ஒருநாள் அது தீப்பிடிக்கலாம். இன்னொன்றையும் கவனியுங்கள். ரிலே விட்டிருக்கும்போதும் ஸ்னப்பர் வழியாக 7 மில்லிஆம்பியர் கசிந்துகொண்டே இருக்கும். ஃபேனுக்கு அது ஒன்றும் செய்யாது. ஆனால் அந்த இடத்தில் எல்இடி பல்பு இருந்தால் அணைந்தபின்னும் மங்கலாக எரியும், கையால் தொட்டால் அதிர்ச்சியும் அடிக்கும். ஆகவே ரிலே விட்டிருக்கிறது என்று நம்பி ஃபேன் வயரைத் தொடாதீர்கள், பிளக்கைப் பிடுங்கிவிட்டே தொடுங்கள். குண்டு பல்புகளின் ரிலேக்கு ஸ்னப்பர் தேவையில்லை. எல்சிடி வயர்களையும் ஒரு சாணுக்கு மேல் நீளாமல் வெட்டிச் சுருக்குங்கள்.

நிரலில் செய்ய வேண்டியது கடைசியில் கொஞ்சம்தான். ஒரு மில்லிவிநாடிக்கு ஒன்றாக நூறு அளவுகள் எடுத்துச் சராசரி பாருங்கள். நூறு மில்லிவிநாடி என்பது நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் சரியாக ஐந்து சுற்று என்பதால், வயரில் ஏறிய மின்வாரியத்தின் முனகல் சராசரியில் தானே கழிந்துவிடும். சகட்டுமேனிக்கு எழுபது, தொண்ணூறு என்று எடுத்தால் இது நடக்காது. ஆனால் கிரவுண்டில் ஏறிய 7 மில்லிவோல்ட்டையும், சுருங்கிய மேற்கோளையும் எத்தனை ஆயிரம் சராசரி எடுத்தாலும் நீக்க முடியாது. அவை ஆட்டம் அல்ல, நிலையான பொய். அதனால்தான் இந்தப் பத்தியைக் கடைசியில் வைத்தேன்.

எல்எம்35ஐத் தூக்கிவிட்டு டிஎஸ்18பி20 போன்ற எண்முறை உணரிக்கு மாறச் சிலர் சொல்வார்கள். புதிதாகத் தொடங்குபவருக்கு நானும் அதையே சொல்வேன். அளவு உணரிக்குள்ளேயே எண்ணாகிவிடுவதால் கிரவுண்டில் ஏறும் சில மில்லிவோல்ட் அதை ஒன்றும் செய்யாது. ஆனால் எல்சிடி குழம்புவது அப்படியே இருக்கும். உங்கள் பெட்டி ஏற்கெனவே ஓடுவதால், முதலில் கிரவுண்ட் வயரையும் மேற்கோளையும் மட்டும் மாற்றிப் பாருங்கள். இரண்டுக்கும் சேர்த்து ஒரு ரூபாய் செலவில்லை. பிறகு முட்டை இல்லாமல் ஓர் இரவு முழுக்க ஓடவிட்டு, ரிலே பிடிக்கும் கணத்திலும் விடும் கணத்திலும் திரையில் வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கணத்தில் எண் 0.1 அல்லது 0.2 டிகிரிக்கு மேல் அசையவில்லை என்றால் முட்டைகளை அடுக்கலாம். அசைந்தால், மல்டிமீட்டரில் எடுத்த அந்த இரண்டு மில்லிவோல்ட் அளவுகளோடு மறுபடி எழுதுங்கள்.